க்ளென் பதிந்த வெறும் அறை

எங்கள் பேட்டையான மர்பி டவுனில் மூச்சு இழுக்கிற மனிதர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் சத்தமே இல்லாத அறையைப் பதிகிற வேலைக்கு அப்படி ஒருவரைப் போய் வைத்திருந்தார்கள் என்றால் சிரிக்காமல் என்ன செய்வது? அந்த மனிதர் என் வீட்டுக்காரர் க்ளென்.

பக்கத்து உல்சூரில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் அவருக்கு வேலை. சினிமா வசனம் பதிந்து முடிந்ததும், யாரும் பேசாத வெறும் அறையைக் கொஞ்ச நேரம் பதிய வேண்டும். வசனத்துக்கு நடுவே ஒட்டுப்போட அது தேவையாம். கதவைத் திறந்தால் கிறீச்சிடும் என்று இவர் உள்ளேயே மைக் பக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஆஸ்துமாக்காரர்! பிடித்த மூச்சு விசிலாகக் கசியாமல் இருக்குமா?

"கேக்காதுடி ஆஞ்சலா," என்பார். "நம்ம பெட்டி அமுக்கிடும்."

பெட்டி என்றால் இரைச்சலைக் குறைக்கிற பெட்டி. பதியும்போது மெல்லிய சத்தத்தைத் தூக்கிவிடும். போட்டுக் கேட்கும்போது அதே அளவு அமுக்கும். டேப்புக்கே உள்ள 'ஸ்ஸ்' இரைச்சலும் அதோடு சேர்ந்து அடங்கிப்போகும். சோற்றில் கை வைத்தபடி இதை எத்தனை முறை விளக்கியிருப்பார்! மீன் குழம்பு ஆறிப்போகும், எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வீட்டில் ஏது பெட்டி? படுத்தால் என் காதோரம் அந்த விசில்தான். மாடி ஏறும்போது பாதிப் படியில் நின்றுவிடுவார். நான் மேலே போய் நின்று கத்துவேன்: "ஆர்மோனியத்தக் கட்டிக்கிட்டேனே, மாதாவே!"

போன தவக்காலத்தில் விசில் நின்றது. அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. அந்தப் பாழாய்ப்போன சத்தத்தை ஒரே ஒரு தடவை கேட்டால் போதும் என்று ஏங்கினேன். போட்டோ இருக்கிறது, கல்யாண வீடியோகூட இருக்கிறது. எதிலும் அவர் மூச்சு இல்லை.

போன மாதம் கூடத்து முதலாளியின் மகன் ராகேஷ் போன் செய்தான். "ஆண்ட்டி, எல்லாம் காலி பண்றோம். அங்கிள் பதிஞ்ச வெறும் ரூம் டேப் ஒண்ணு மாட்டுச்சு. கேக்கறதுன்னா ஸ்வல்ப சீக்கிரம் வாங்க. மேல்பூச்சு உதிருது, ஒரு தடவைதான் ஓடும்," என்றான் தன் பாதிக் கன்னடத் தமிழில்.

சமைத்ததை அப்படியே மூடிவைத்துவிட்டு ஓடினேன். டேப்பை ஓடவிட்டான். ஒன்றுமே கேட்கவில்லை.

"அங்கிள் வேலைய பாத்தீங்களா, எவ்ளோ கிளீன்!" என்று அவனுக்குப் பெருமை வேறு. சுருள் இளைத்துக்கொண்டே வந்தது.

"பெட்டிய ஆஃப் பண்ணு!"

"பண்ணா வெறும் இரைச்சல்தான் வரும் ஆண்ட்டி."

"அந்த இரைச்சல்தாண்டா எனக்கு வேணும்!"

அணைத்தான். 'ஸ்ஸ்' என்று அறை நிறைந்தது. அதற்குள்ளிருந்து மெல்லிசாக ஒரு விசில் எழுந்து, அறுந்து, மறுபடி எழுந்தது. அவரேதான். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

டேப் முடிந்து, அதன் நுனி பட் பட்டென்று அடித்துச் சுற்றியது. ராகேஷ் மெஷினை நிறுத்தினான். இரைச்சல் நின்றது. விசில் நிற்கவில்லை.

ஸ்பீக்கரை அணைத்தான். பிளக்கைப் பிடுங்கினான். என் பக்கம் திரும்பினான். "ஆண்ட்டி... நீங்களா?"

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு தலையாட்டி மறுத்தேன். மைக் ஸ்டாண்டு பக்கமிருந்து அது வந்துகொண்டே இருந்தது. அவர் நிற்கிற இடம். ராகேஷ் நெற்றியில் கை வைத்துக் கும்பிட்டுக்கொண்டே வெளியே ஓடினான். எனக்கும் உடம்பெல்லாம் புல்லரித்தது, பொய் சொல்ல மாட்டேன்.

"நின்னது போதும்," என்றேன். "வீட்டுக்கு வாங்க."

மெயின் ரோட்டில் பஸ் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. போய்விட்டாரோ என்று பதறினேன். எங்கள் சந்துக்குள் திரும்பியதும் எனக்குப் பின்னால் அந்த விசில். திரும்பிப் பார்க்கவில்லை.

மாடிப்படி ஏறினேன். பாதிப் படியில் விசில் பின்தங்கியது. வழக்கம்போல மேலே போய்க் கத்தவில்லை. அங்கேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மெதுவா வாங்க," என்றேன். "ஒண்ணும் அவசரமில்ல."