எங்கள் ஹாஸ்டல் வாசலில் பிரசார வேன்

ஆமாம், வேன் வந்தது. மைக்கில் "தாய்மார்களே" என்று கூப்பிட்டதும் ஒரகடம் பேக்டரி லேடீஸ் ஹாஸ்டலே வாசலுக்கு ஓடியது. தென்காசி, தருமபுரி, ஒடிசாப் பெண்கள்.

பஸ் ஸ்டாப்பிலிருந்து ஹாஸ்டல் வரை தெருவிளக்கு கிடையாது. விளக்கு வேண்டுமென்று என் ரூம்மேட் செல்விதான் கேட்பதாக ஏற்பாடு.

அதற்குள் வேனிலிருந்த கட்சிக்காரர் அவளிடம் முந்திக்கொண்டார். "ஓட்டு இங்கியாம்மா கீது?"

"தென்காசிலண்ணே. இங்க எல்லாருக்கும் அவங்கவங்க ஊர்லதான்."

அவர் டிரைவர் பக்கம் திரும்பினார். "வண்டிய எடு நைனா, டைம் வேஸ்ட்டு."

"இருட்டுல விழுந்து காலு ஒடிஞ்சா, ஊர்ல போயாண்ணே ஒடியும்?" என்று கத்தினாள் செல்வி. மைக் சத்தத்தில் வேனில் யாருக்கும் கேட்கவில்லை.

தேர்தலுக்கு ஒருநாள்தான் லீவு. தென்காசி போய்வர அது போதாது. ஆக, அங்கேயும் அவள் ஓட்டுப் போடப்போவதில்லை.

பெண்கள் ஓட்டுதான் தேர்தலைத் தீர்மானிக்கும் என்கிறவர்கள், எந்தப் பெண்கள் என்று கமெண்டில் சொல்லுங்கள்.

நைட் ஷிப்ட் இருக்கிறது. டார்ச்சுக்காக போனைச் சார்ஜில் போட்டேன்.