வெறுமையாக்க முடியாத தண்ணீர்த் தொட்டி

படகின் நன்னீர்த் தொகுதியைக் குளிர்காலத்துக்கு ஆயத்தப்படுத்தும் தொழிலின் முதல் விதி, "எல்லாத் தண்ணீரும் போய்விட்டது" என்று சொல்பவரை நம்பக்கூடாது என்பதாகும். ஒக்டோபர் மாதத்தில் படகின் தரைப்பலகைக்குக் கீழே தலையை நுழைத்திருப்போருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பேர்லின் ஓரத்து ஏரிக்கரைப் படகுத்துறை ஒன்றில் நானும் அவ்வாறே தலையை நுழைப்பவள்.

பிளந்த பம்பி

யோகன் உணவகமொன்றில் சமையற்காரர். அவர் மனைவி மலர் விடுதி அறைகளைத் துப்புரவு செய்பவர். இருவருமாகப் பழைய சிறு படகொன்றை வாங்கியிருந்தனர். கிழமை முழுவதும் பிறர் கட்டில்களுக்கு விரிப்பு மாற்றும் மலர், ஞாயிறுகளில் அப்படகில் தேநீர் வைத்துக் குடித்துவிட்டு, ஒன்றுமே செய்யாமல் அமர்ந்திருப்பார். அவருக்கென்று இருந்த ஒரே இடம் அதுதான்.

ஒரு வசந்தகாலத்தில் குழாயைத் திறந்தபோது, தண்ணீர் தரைப்பலகைக்குக் கீழே சீறியது. உள்ளே தங்கிய நீர் குளிரில் உறைந்து விரிந்ததில் நீர்ப்பம்பியின் உறை நெடுகப் பிளந்திருந்தது. முந்திய ஆண்டிலும் இதே பிளவு. இரு முறையும் குளிருக்கு முன் தொட்டியைக் காலி செய்தவள் நானே. என் முகம் எப்படியிருந்திருக்கும் என்பதை இத்தொழிலில் உழல்வோர் அறிவீர்கள். யோகன் என்னைக் கோபிக்கவில்லை. மலரிடம் மட்டும் சொன்னார்: "இன்னொருக்கா வெடிச்சுதெண்டால் படகை வித்துப்போடுவம், சொல்லிப்போட்டன்."

சட்டைக்கையின் சாட்சியம்

அவ்வாண்டு இலையுதிர்காலத்தில் என் சக ஊழியர் டெட்லெஃபையும் துணைக்கு அழைத்தேன். குழாய்களைத் திறந்தார், பம்பி காற்றை விழுங்கும்வரை ஓடவிட்டார், சுடுநீர்க் கலனையும் வடித்தார். "குளியற்குழாய்?" என்று கேட்டேன். "காய்ந்துவிட்டது" என்றார். உயர்த்திப் பிடிக்கச் சொன்னேன். பிடித்தார். எஞ்சியிருந்த நீர் அவர் சட்டைக்கைக்குள் முழங்கைவரை ஓடியது. அவர் அசையாமல் நின்று சொன்ன பதில்: "இது தண்ணீர் இல்லை, வெறும் ஈரம்."

இளஞ்சிவப்புத் திரவம்

வடித்து முடித்தபின், எஞ்சும் துளி உறையாதிருக்க, உடலுக்குத் தீங்கற்ற இளஞ்சிவப்புத் திரவத்தைப் பம்பிக்குள் செலுத்துவது வழக்கம். யோகன் ஒரு துளியை நாவில் வைத்துப் பார்த்தார். அவர் மகளுக்குத் தமிழ் கற்பித்தவள் என்ற உரிமையில் அதட்டினேன். சமையற்காரர் அடங்கவில்லை: "இனிக்குது ரீச்சர், நிறமும் கேசரிக்கெண்டே செய்த நிறம், வீணா ஒரு பம்புக்குள்ள விடுறியள்."

ஒரு செம்பு

அன்று பிற்பகல், மறந்து வைத்த கைவிளக்கை எடுக்கத் திரும்பினேன். மலர் தொட்டியின் வாயருகே முழந்தாளிட்டிருந்தார். கையில் பித்தளைச் செம்பு; அது பாதி காலி.

"என்ன செய்யிறீர், மலர்?"

"கொஞ்சந்தான் ரீச்சர்."

"ஒவ்வொரு வருசமுமோ?"

"ஓம்." தலை குனிந்திருந்தது. "வீட்டில அரிசிப்பானையைக்கூட நான் துடைச்சு வழிக்கிறேல்லை. குளிர் முடியுமட்டும் வெறுந்தொட்டியோட விட்டால் படகு எங்களிட்டை நிக்குமோ?"

படகு தம்மை விட்டுப் போகாதிருக்க அவர் ஊற்றிய தண்ணீரே, பம்பிக்குள் இறங்கி, இளஞ்சிவப்புத் திரவத்தையும் நீர்க்கச் செய்து உறைந்து, படகை விற்பனைக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. விளக்கினேன். கண்கள் நிறைந்தன, ஆனால் செம்பை விடவில்லை. அறிவியலை மேலும் ஊற்றிப் பயனில்லை என்று கண்டு, "அரிசி உறையாது" என்றேன். மலர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பின்பு சமையல் மூலையிலிருந்த அரிசியை, எலி வராதபடி இறுக மூடிய போத்தலொன்றில் நிறைத்துத் தொட்டியின்மேல் வைத்தார். நான் மறுபடியும் வாளியோடு கீழே இறங்கி, எல்லாவற்றையும் முதலிலிருந்து வடித்தேன்.

வசந்தத்தில் யோகன் குழாயைத் திறந்தபோது மூவரும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தோம். பம்பி இருமுறை செருமியபின் தண்ணீர் வந்தது, குழாயில் மட்டுமே. பலகைக்குக் கீழே காய்ந்திருந்தது. யோகன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மலர் முந்திக்கொண்டார்: "விக்கிற கதை இனி வேண்டாம், அந்தத் தேத்தண்ணிக் கேத்திலை இஞ்சால தாங்கோ."

ஆகவே, சக தொழிலாளரே, இவ்வேலைக்குப் புறப்படும்போது திருகுசாவிகளோடு ஒரு பிடி புழுங்கலரிசியும் எடுத்துச் செல்வது உசிதம்.