பக்கத்து சீட்டு அக்காவின் முதல் ஆல்பம்

டிரைவிங் ஸ்கூலில் அவளுக்குக் கிளட்ச் அக்கா என்று பெயர். வருடக்கணக்காகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து "கிளட்ச், கிளட்ச்" என்று தொண்டைத் தண்ணி வற்றக் கத்திச் சம்பாதித்த பெயர். பழகுகிறவர் சொதப்பினால் வண்டியை நிறுத்த அந்த சீட்டின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. கடவுளைவிட அந்த பிரேக்கைத்தான் அவள் அதிகம் நம்பினாள்.

ராப் பாட்டு அவளுக்குத் திட்டுவதிலிருந்து வந்தது. சும்மா திட்டினால் பழகுகிறவர்கள் கண்ணைக் கசக்குகிறார்கள். எதுகை மோனையோடு திட்டினால் சிரித்துக்கொண்டே கியர் மாற்றுகிறார்கள். ஒருத்தி அதை போனில் பதிந்து போட, அது நாலு பேர் கைமாறி, ஸ்டூடியோ வைத்திருந்த ஒருவன் காதுக்குப் போனது. எந்நேரமும் காதில் மாட்டிக்கொண்டே திரிவதால் அவனுக்குப் பெயர் ஹெட்போன். ஏழு பாட்டு, ஆல்பத்தின் பெயர் 'பக்கத்து சீட்டு' என்று முடிவானது. வெளியாகும் தேதியையும் தண்டோரா போடாத குறையாகச் சொல்லியாகிவிட்டது.

ஆறு பாட்டு மளமளவென்று முடிந்தது. ஏழாவதில்தான் வண்டி மக்கர் செய்தது.

அது அப்பாவைப் பற்றிய பாட்டு. அவர் லாரி ஓட்டியவர். வேண்டாம் வேண்டாம் என்று ஓடிய மகனைத் துரத்திப் பிடித்து ஓட்டக் கற்றுக்கொடுத்தார். நானும் பழகுகிறேன் என்று வந்த மகளிடம் "உனக்கெல்லாம் வராது" என்றார். அவள் வேறிடத்தில் பழகி, அதையே தொழிலாக்கிக்கொண்டாள். அண்ணன் எங்கோ போய் செட்டிலாகிவிட, அப்பா இப்போது இருப்பது இவள் வீட்டில்தான். மருந்து மாத்திரை எல்லாம் இவள் கையால்தான். ஆனால் இவள் ஓட்டும் வண்டியில் இன்றுவரை ஏறியதில்லை. ஆஸ்பத்திரிக்குக்கூட பஸ்தான். கேட்டால் காற்றோட்டம் என்பார்.

பாட்டில் அந்த வரி இப்படி வரும்: 'சாவி போச்சு அண்ணன் கைக்கு, ஸ்டெப்னி வந்துச்சு என் கைக்கு, வராதுன்னு சொன்ன அப்பா, வரிசையில நிக்குது ஊரு.' மைக் முன்னால் நின்று அவள் சீறிக்கொண்டு வருவாள். 'சொன்ன' வரைக்கும் வருவாள். அங்கே வலது கால் தரையை ஓங்கி மிதிக்கும். தொம்மென்று மைக் ஸ்டாண்டில் ஒரு சத்தம். 'அப்பா' தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும்.

ஹெட்போன் செருப்பைக் கழற்றச் சொன்னான், காலுக்குத் தலையணை போட்டான், கடைசியில் அப்பா என்பதற்குப் பதில் ஆளு என்று மாற்றிப் பாடவும் சொல்லிப் பார்த்தான். அவள் கேட்கவில்லை.

"சத்தத்தை நான் வெட்டி எடுத்துடுவேன்க்கா. ஆனா நீங்க பிரேக் போடுறீங்களே, அதை நான் எப்படி எடுக்கிறது?" என்றான்.

அவளுக்கு அழுகை வந்தது. வயதான காலத்தில் அந்த மனுஷனை ஊர் சிரிக்க வைக்கவா பாட்டுக் கட்டினோம் என்று இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் மற்ற ஆறும் வெறும் வாய்ச்சவடால் என்றும் இருந்தது. நேரே வீட்டுக்குப் போனாள். டிவி பார்த்துக்கொண்டிருந்த அப்பாவிடம், உங்களைப் பற்றி ஒரு பாட்டு இருக்கிறது, அதில் உங்கள் பெருமை ஒன்றும் இல்லை என்று சொல்லி, வரியையும் சொன்னாள்.

அவர் திரும்பவில்லை. "அதுல பொய் இருக்கா?"

"இல்லப்பா."

"அப்புறம் என்ன?" என்று டிவி சத்தத்தைக் கூட்டினார். அது சம்மதமா கோபமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

மறுநாள் ஸ்டூடியோவில் நாற்காலி கேட்டு வாங்கி, அதில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மிதிக்கக் கால் தரையில் இல்லாததால் வரி ஒரே மூச்சில் வந்தது.

சொன்ன தேதியில் ஆல்பம் வெளியானது. டிரைவிங் ஸ்கூல் மைதானத்தில், அவளிடம் பழகிய கூட்டமெல்லாம் கூடியிருக்க, ஹெட்போன் இரண்டு ஸ்பீக்கர் வைத்தான். முன்வரிசையில் அப்பா, கைத்தடியும் கையுமாக. ஆறு பாட்டுக்கும் விசில் பறந்தது. ஏழாவதில் 'வராதுன்னு சொன்ன அப்பா' என்று ஸ்பீக்கர் அதிர, கூட்டத்தின் தலைகள் அவர் பக்கம் திரும்பின. அவர் எழுந்தார். கைத்தடியை ஊன்றிக்கொண்டு வெளியே நடந்தார்.

போச்சு, எல்லாம் போச்சு என்று அவள் பின்னாலேயே ஓடினாள். அவர் பஸ் ஸ்டாப்பைத் தாண்டிப் போய், நிறுத்தியிருந்த ஸ்கூல் காரின் கதவைத் திறந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார்.

"வீட்டுக்குப் போலாம். எடு வண்டியை."

எடுத்தாள். முதல் திருப்பத்திலேயே வண்டி குலுங்கி நின்றது. அவள் குனிந்து பார்த்தாள். அவர் கால் அந்த பிரேக்கின் மேல் இருந்தது.

"அப்பா, அங்க ஒரு பிரேக் இருக்கு."

அவர் காலைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, முட்டி வலியோடு முனகிக்கொண்டே இரண்டு காலையும் தூக்கி, சீட்டின் மேல் சம்மணம் போட்டுக்கொண்டார்.

"இப்ப போம்மா," என்றார்.