கயிறு கட்ட ஓர் ஓட்டை

டக்.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. சரக்கு வண்டி, கடைசிப் பெட்டியே கிடையாது என்பதுபோலப் போய்க்கொண்டே இருந்தது. ஷேர் ஆட்டோவில் என் பக்கத்தில் இருந்த யாரோ ஓர் அம்மா, மடியில் வைத்திருந்த டிபன் கேரியரைத் திறந்து பார்த்துவிட்டுக் கொக்கியை அழுத்தி மூடினாள். அவ்வளவுதான் சத்தம். என் வலது கை தானாகப் பேண்ட் பாக்கெட்டுக்குள் போய் வெறும் துணியைப் பிடித்துக்கொண்டது.

நாற்பது நாளாக அந்தப் பாக்கெட் காலி. அதற்கு முன் பதினோரு வருடம் அங்கே ஒரு மடக்குக் கத்தி இருந்தது.

வடசென்னைக்காரன் பாக்கெட்டில் கத்தி என்றால் ஊர் என்ன நினைக்கும் என்று எனக்குத் தெரியும். நினைக்கட்டும். துறைமுகத்தில் இறங்கும் சரக்கில் மாதிரி எடுப்பது என் பிழைப்பு. பருப்பு, சர்க்கரை, உரம் எதுவானாலும் அடுக்கில் ஏறி, ஒரு மூட்டையின் தையலை ஓரத்தில் மட்டும் அறுத்து, உள்ளே கைவிட்டு ஒரு பிடி அள்ளி, உறையில் போட்டு முத்திரை வைக்க வேண்டும். அதற்கு அரை பிளேடு போதும். பல வருடம் அரை பிளேடுதான் வைத்திருந்தேன். ஒரு நாள், ஏதோ குளிர் நாட்டுக் கப்பலின் அதிகாரி நான் பிளேடோடு போராடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, தன் இடுப்பிலிருந்த கத்தியைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டுப் போனார். டைட்டானியம் பிடி. தும்பியைப் பிடித்ததுபோல ஒரு கனம், அதாவது கனமே இல்லை. கட்டைவிரலால் தள்ளினால் அலகு எண்ணெயில் நழுவுவதுபோல வெளியே வந்து, முடிவில் பூட்டிக்கொள்ளும். டக். நல்ல கதவு ஒன்று சரியாகச் சாத்திக்கொண்டதன் நிம்மதி அந்தச் சத்தத்தில் இருந்தது. அன்று ஒரு சணல் இழையை அறுத்தேன். அது இரண்டானது இழைக்கே தெரிந்திருக்காது.

இவ்வளவு துல்லியத்தை யாரோ யாருக்காகவோ செய்திருக்கிறார்கள், அது என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. பதினோரு வருடத்தில் அந்த வியப்பு ஒரு நாளும் தேயவில்லை. பஸ்ஸுக்காக நிற்கும்போதுகூடப் பாக்கெட்டுக்குள் விரலால் அதன் முதுகைத் தடவிப் பார்ப்பேன். மாம்பழம் அறுத்தேன், வீட்டுக்கு வந்த பார்சல்களைப் பிரித்தேன், மகளின் பள்ளிக்கூடப் பென்சில்களைச் சீவினேன்.

அதைத் தொலைத்த கதை இப்படி.

நெட்டுக்குப்பத்தில் எனக்கு ஒரு தோஸ்து. ஃபைபர் படகு வைத்திருக்கிறான். இருபது வருடப் பழக்கம். என் ஞாயிற்றுக்கிழமைகள் அவன் படகில்தான்; பிடித்த மீனைக் குழம்பு வைக்கும்போது வெங்காயம் அரிவது என் வேலை. அன்று எண்ணூர்க் கழிமுகத்தில் போய்க்கொண்டிருந்தபோது யாரோ கழித்துப்போட்ட வலை எங்கள் எஞ்சின் விசிறியில் சுற்றிக்கொண்டது. எஞ்சினைத் தூக்கிப் பார்த்தான். நைலான் இழை இறுகிக் கல்லாகிவிட்டிருந்தது. அவனுடைய கத்தி கயிற்றில் கட்டி விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. அது மீன் குடல் கீறுகிற கத்தி, இதற்கு ஏறாது.

"உன் சீமக் கத்திய எட்ரா மாமு."

திறந்து நீட்டினேன். அவன் வாங்கவில்லை.

"கைல குடுக்காத. கீய வையி."

எங்கள் பக்கத்தில் யாரும் கத்தியைக் கையில் கொடுப்பதில்லை. கொடுப்பவர் கீழே வைக்க வேண்டும், வேண்டியவர் எடுத்துக்கொள்ள வேண்டும். கைக்குக் கை மாறினால் இருவருக்கும் நடுவில் இருப்பதை அது அறுத்துவிடும் என்று நம்பிக்கை. மீன் மார்க்கெட்டிலும் அப்படித்தான், என் வீட்டுச் சமையலறையிலும் அப்படித்தான். நானும் யோசிக்காமல், உட்கார்ந்திருந்த பலகையின் ஓரத்தில் வைத்தேன். அவன் கையை நீட்டினான். அந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் ஒரு படகு முழு வேகத்தில் போனது. அதன் அலை எங்களை ஒரு முறை தூக்கிப் போட்டது. அலகு வெயிலை ஒரு தரம் என் கண்ணில் அடித்துவிட்டு விளிம்பைத் தாண்டிப் போனது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. ஒரு குமிழி.

அவன் சட்டையைக்கூடக் கழற்றாமல் குதித்தான். மூன்று முறை முங்கினான். மூன்றாவது முறை மேலே வந்தபோது கை நிறையக் கறுப்புச் சேறு, அதில் ஒரு கிளிஞ்சல். அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்து படிந்து அடி எது, தண்ணீர் எது என்று தெரியாத இடம் அது.

நான் சொன்னேன்: "கைல வாங்கியிருந்தா போயிருக்குமா? உன் மூடநம்பிக்கைக்கு என் கத்திதான் கெடச்சுதா?"

அவன் ஈரச் சட்டையோடு குனிந்து, தன் மொட்டைக் கத்தியால் அந்த நைலானை இழை இழையாக அறுத்தான். ஒரு மணி நேரம் ஆனது. கரையில் இறங்கியபோது நான் திரும்பிப் பார்க்கவில்லை. அதன்பின் அவன் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

சண்டை வரக்கூடாது என்றுதான் கத்தியைக் கீழே வைத்தோம்.

கேட் திறந்தது. ஆட்டோ நகர்ந்தது. டிபன் கேரியர் அம்மா என் கையைப் பார்த்து, "பர்ஸ் அட்ச்சிகினானாபா?" என்றாள். இல்லை என்று தலையாட்டிவிட்டுப் போனை எடுத்து தோஸ்தைக் கூப்பிட்டேன். மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. வேறு சொல் வந்தது.

"கத்தி வாங்கப் போறேன். வர்றியா?"

அந்தப் பக்கம் கடற்காற்று போனில் இரைந்தது.

"எப்போ?" என்றான்.

கல்மண்டபத்தின் அருகில் கப்பல் சாமான் விற்கும் ஒரு பழைய கடை. கயிறு, கொக்கி, டார்ச், ரப்பர் பூட்ஸ். கல்லாவில் ஓர் அக்கா. கழுத்தில் ஜெபமாலை, மூக்கில் கண்ணாடி, அறுபது வயது இருக்கும். உள்ளே ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்கு மட்டும் தனி விளக்கு. அவர் விளக்கைப் போட்டார். நாங்கள் இருவரும், நாற்பது நாள் பேசாதவர்கள், ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தோம்.

ஏதோ ஆழத்தில் தூங்கும் மீன் கூட்டம்போலக் கத்திகள்.

"இன்னா அறுப்பீங்க?" என்றார் அக்கா.

"மூட்டைத் தையல். கயிறு. மாம்பழம்."

"வெங்காயத்த வுட்டுட்டான் பாரு," என்றான் தோஸ்து, என்னைப் பார்க்காமல் அக்காவிடம்.

அக்கா சிரிக்கவில்லை. பச்சைத் துணி விரித்து மூன்றை எடுத்து வைத்தார். கவனித்தேன்: கையில் கொடுக்கவில்லை, வைத்தார்.

முதலாவது, எஃகை மடித்து மடித்து அடித்துச் செய்த அலகு. அதன் மேல் அலை அலையாகக் கோடுகள், காற்றில்லாத காலையில் முகத்துவாரத்துத் தண்ணீர் மீது எண்ணெய்ப் படலம் ஓடுவதுபோல. ஒரு முழுக் கழிமுகத்தையும் நாலு விரல் நீளத்துக்குள் யாரோ சுருட்டி வைத்துவிட்டார்கள். திறந்தேன். டக் இல்லை. வேறு சத்தம், கனமாக, தேவாலயத்தில் பெஞ்சு மடங்குவதுபோல. இரண்டாவதற்குச் சத்தமே இல்லை. உள்ளே குண்டு பேரிங்காம். நினைப்பதற்கு முன் திறந்துகொண்டது. பயமாக இருந்தது. மூன்றாவது வெறும் சாம்பல் நிறம். கறுப்புப் பிடி. சொரசொரப்பு. பள்ளிக்கூட ஜியாமெட்ரி பாக்ஸில் கிடக்க வேண்டிய முகம்.

கண்ணை மூடிக்கொண்டு முதலாவதையே மறுபடியும் மறுபடியும் திறந்து மூடினேன். கொஞ்சம் கொஞ்சமாக அந்தச் சத்தம் பிடித்துப்போய்விடும் என்று தோன்றியது.

"யக்கா, தண்ணி கீதா? கொஞ்சூண்டு எண்ணெயும் குடேன்," என்றான் தோஸ்து.

"கத்தி வாங்க வந்தியா, தல முழுவ வந்தியா?" என்றபடியே அக்கா ஒரு சொம்புத் தண்ணீரும் தையல் மிஷின் எண்ணெயும் கொண்டுவந்தார். அவன் என் கையைப் பிடித்தான். நாற்பது நாளில் முதல் தடவை. உள்ளங்கையில் எண்ணெய் விட்டான், மேலே தண்ணீர் விட்டான்.

"இப்ப தொற."

முதலாவது அழகாக வழுக்கித் துணி மேல் விழுந்தது. இரண்டாவது வழுக்கி அக்காவை நோக்கிப் பறந்தது. "ஏசுவே!" என்று பின்னால் போனார். மூன்றாவது என் விரலைப் பிடித்துக்கொண்டது. நான் அதைப் பிடித்தேன் என்று சொல்ல முடியாது. டக் என்றது. பழைய டக் இல்லை, கொஞ்சம் கட்டைக் குரல். ஆனால் உறவுக்காரக் குரல்.

"அது துருவே புடிக்காது தம்பி," என்றார் அக்கா, தைரியம் வந்து அருகில் வந்தபடி. "உப்புத் தண்ணில ஊறப்போடு, ஒன்னும் ஆவாது. எஃகுல கரிய கொறைச்சுட்டு நைட்ரஜன் சேத்து வாத்துருக்கான். நம்ம காத்துல கீதே, அந்த நைட்ரஜன்தான்."

கத்தியை விளக்குக்கு நேரே தூக்கினேன். காற்று. நாற்பத்தெட்டு வருடமாக நான் இழுத்து விடும் காற்றில் முக்கால் பங்குக்கு மேல் இதுதான் என்று பள்ளியில் படித்தது. எண்ணூரில் இருமிக்கொண்டும் கண் எரிந்துகொண்டும் இழுக்கிற அதே காற்றில் இருப்பதை யாரோ பிடித்து, இரும்புக்குள் அடைத்து, விளிம்பு வைத்து நிறுத்தியிருக்கிறார்கள். மீசை முடி ஒன்றைப் பிடுங்கி அலகின் மேல் விட்டேன். அது விழுந்தது, இரண்டாக. அக்காவின் கை ஜெபமாலைக்குப் போனது.

தோஸ்து மட்டும் கத்தியின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிடியின் வால்பக்கத்தில் சின்னதாக ஓர் ஓட்டை.

"கவுறு கட்ற ஓட்ட," என்றான். "உன் பழசுல இது இல்ல மாமு. சோக்கா இருந்துச்சு, ஆனா ஓட்ட இல்ல. படகுல எங்க சாமான் எதுனா கவுறு இல்லாம பாத்துக்கிறியா நீ?"

அழகான அந்த அலைக் கத்தியைத் திரும்பிப் பார்த்தேன். அதிலும் ஓட்டை இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு அதைத் துணியின் ஓரத்துக்கு நகர்த்தினேன்.

கத்தியை வாங்கிக்கொண்டு காசிமேட்டுப் பக்கம் கடலோரப் பாறைகளில் போய் உட்கார்ந்தோம். தோஸ்து கேட்டான், சாதாரணமாகக் கேட்பதுபோல: "அந்தக் கப்பல்காரரு உனக்குக் கைல தான குட்தாரு? அப்பாலிக்கா அவர எப்பனா பாத்தியா?"

பார்க்கவில்லை. ஒரு முறைகூட. சிரிப்பு வந்தது, சிரித்துக்கொண்டே சொன்னேன்: "அன்னிக்கு நான் அப்டி பேசியிருக்கக் கூடாதுடா."

"கத்தி பூட்ச்சேன்னு பேசுன. கத்தி கெடச்சிருந்தா பேசியிருப்பியா? வுடு."

மடியிலிருந்து வலை பின்னும் நூலை எடுத்தான். பாறை மேல் நான் வைத்த கத்தியை எடுத்து, ஓட்டையில் நூலைக் கோத்து, மூன்றாக முறுக்கி, பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டான். முடிச்சு நெல்மணி அளவுதான் இருந்தது. என் முழு பலத்தையும் போட்டு இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

இப்போது கத்தி அவன் கையில். எனக்குத் தர வேண்டும். கையில் தர மாட்டான். கீழே வைக்கலாம் என்று பார்த்தான். பாறைக்குப் பாறை இடைவெளி, இடைவெளிக்கு அடியில் அலை. இருவரும் அந்த இடைவெளியைப் பார்த்தோம். இருவருக்கும் ஒரே குமிழி ஞாபகம் வந்திருக்க வேண்டும். என் கை முன்னால் நீண்டது. கைக்குக் கை வாங்கிவிடுகிறேன் என்று சொல்லவும், எனக்கே ஆச்சரியம், எனக்குப் பயமாக இருந்தது.

அவன் என் கையைத் தட்டிவிட்டான். குனிந்து, நூலின் மறுமுனையை என் பெல்ட் வளையத்தில் கட்டினான். நிதானமாக, படகைக் கரையில் கட்டுவதுபோல. பிறகு தன் கையை விரித்தான். கத்தி விழுந்தது. விழாமல் நின்றது. எங்கள் இருவருக்கும் நடுவில், கடல் காற்றில், மெதுவாகச் சுற்றிக்கொண்டு.

அவன் கொடுக்கவில்லை. நான் வாங்கவில்லை. அது வந்து சேர்ந்துவிட்டது. அன்று நான் பார்த்த எஃகுகளில் எதுவும் அவன் யோசனை அளவுக்குக் கூர்மை இல்லை.

எதிரில் நங்கூரமிட்ட கப்பல்களில் விளக்கு போட ஆரம்பித்திருந்தார்கள். அவன் எழுந்து லுங்கியைத் தட்டிக்கொண்டான். நெட்டுக்குப்பத்துக்குப் பஸ் பிடிக்க வேண்டும். நாலு பாறை தாண்டிப் போய்த் திரும்பினான்.

"ஞாயித்துக்கெழம வந்துரு. வெங்காயம் நீதான் அரியணும்."