கம்பளிக் கோட்டுக்கு ஒரு தண்ணீர் முறை

இலங்கை மலையகத்தில், மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருந்தபோது, குடும்பத்துக்கொரு காம்பராவாக வரிசையாய்க் கட்டிய லயத்துக்குப் பின்னால் ஆளுக்கொரு காய்கறிப் பாத்தி. எல்லாப் பாத்திக்கும் ஒரே வாய்க்கால், ஒரே மம்பட்டி. முறை முடிந்தவர் மம்பட்டியை அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டும். வாங்கினவர்தான் மடையை மாற்றலாம். கையில் வாங்காமல் மாற்றினால் அது தண்ணீர்த் திருட்டு. கோழி திருடினவனைக்கூட மன்னிப்பார்கள், தண்ணீர் திருடினவன் வீட்டில் யாரும் கை நனைக்கமாட்டார்கள்.

எனக்கு முந்தின முறைக்காரர் இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார். போகச் சொல்லித் தாள் வந்த அவசரத்தில் பானை சட்டியெல்லாம் பங்கு வைத்த மனுஷன், தண்ணீர் முறையை யாருக்கும் கொடுக்காமல் போய்விட்டார், பாவி.

அப்போது நல்ல கோடை. கொழுந்தும் இல்லை, வேலையும் குறைவு. போஞ்சிக் கொடியை நம்பித்தான் எங்கள் வீட்டில் கறி. அது கண்ணெதிரே வாடியது. போனவருக்கு முந்தின முறை பக்கத்துக் காம்பரா மாமாவுக்கு. அவரோ மம்பட்டியைப் பிடித்தபடி வெயிலில் நின்றார்.

"இப்படிக் குடுங்க மாமா."

"உனக்கு எப்படிம்மா குடுப்பேன்? எனக்கு அடுத்தது அவன்ல?"

"அவருதான் கப்பல் ஏறிட்டாரே!"

"அதுக்கு நான் என்னம்மா செய்ய?"

மடையை மாற்ற ஆளில்லாமல் தண்ணீர் அவர் பாத்தியிலேயே பாய்ந்தது. அவருடைய முட்டைக்கோவா மூழ்கி அழுகியது, என் போஞ்சி காய்ந்தது. வரப்புக்கு அந்தப் பக்கம் அவர் அழுதார், இந்தப் பக்கம் நான். என் வீட்டுக்காரர் நடுவில் நின்று, "முறைன்னா முறைதான்" என்றார். அன்றைக்கு அவருக்கு வெறும் ரொட்டி. முறையைத் தொட்டுக்கொண்டு சாப்பிடுங்கள் என்றேன்.

கடைசியில் தோட்டத் தலைவர் வந்து, போனவர் விட்டுப்போன கம்பளிக் கோட்டைத் தேடிக் கொண்டுவரச் சொன்னார். மானாப்புல்லில் பொம்மை செய்து, கோட்டை மாட்டி, அவர் பாத்தியில் நட்டோம். மாமா மரியாதையாக மம்பட்டியை அதன் கையில் செருகினார். அந்தக் கையைப் பிடித்துத் தலைவர் மடையை மாற்றினார். நான் உடனே கையை நீட்டினேன்.

"பொறும்மா, அவரு முறை முடியட்டும்" என்றார் தலைவர்.

களை மட்டுமே இருந்த பாத்திக்குத் தண்ணீர் பாய்ந்து முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு பொம்மைக்குப் பக்கத்தில் நின்றேன். பிறகு அதனிடம் வாங்கினேன். போஞ்சி பிழைத்தது.

அந்தக் கோடை முழுக்க இதே கூத்துதான். மலையே காய்ந்து கிடக்க, அந்தப் பாத்தியில் மட்டும் களை இடுப்புயரம் நின்றது. பொம்மையின் தண்ணீரில் ஒருவரும் கை வைக்கவில்லை.

பிறகு எங்களுக்கும் தாள் வந்தது. பிறந்த மண்ணில் எங்களுக்கு உரிமை இல்லையாம். பெட்டி கட்டும்போது மாமா வந்து, "முறையை யாருக்கும்மா குடுக்கப் போற?" என்று கேட்டார்.

கொழுந்தெடுக்கப் போகும்போது இடுப்பில் கட்டும் என் படங்குச் சாக்கை அவிழ்த்து அவரிடம் நீட்டினேன்.

"ஒரு பொம்மை செஞ்சு இதைக் கட்டிவிடுங்க மாமா. முறைன்னா முறைதான்."