முழுகிய நாளில் நித்திரை கொள்ளக்கூடாது

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போக வேண்டும். அறுபதுகளில் நானும் அப்படித்தான் சித்தாண்டியிலிருந்து களுவாஞ்சிக்குடிக்குப் போனேன். பெண்சாதி நல்லவள். மாமி போடும் சோற்றைத் தின்று முடிக்க இன்னொரு வயிறு வேண்டும். மாமாவோடுதான் மாரடிக்க முடியவில்லை. சண்டைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். மனிதர் பேசவே மாட்டார். நான் என்னதான் கதைத்தாலும், ஆமாம் என்பதற்கு நாங்கள் சொல்லும் “ஓம்” என்ற ஒரு சொல்லில் என் வாயை அடைத்துவிடுவார்.

என்னை அவருக்குப் பிடிக்கவில்லை என்றே நம்பினேன். அது மனதை அரித்துக்கொண்டிருந்தது. மட்டக்களப்பு டவுனில் நான் வேலை செய்த தபால் கந்தோருக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீடும் பார்த்து வைத்திருந்தேன். ஊரில் என் அண்ணனுக்கு மட்டும் அது தெரியும். “அப்பாட்ட நீங்களே சொல்லுங்க” என்று பெண்சாதி கைகழுவிவிட்டாள். “ஓம்” என்று அவர் சொல்லிவிட்டால் அதற்கு என்ன பொருள் என்று யாரிடம் போய்க் கேட்பது?

அந்த நேரத்தில்தான் வயலில் வெள்ளாண்மை வெட்டி முடித்த மாமாவுக்குத் தலைச்சூடும் கண்ணெரிச்சலும் வந்தன. வைத்தியர் மூலிகை எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தார். சனிக்கிழமை காலையில் தலையில் வைத்து ஊறவிட்டு, சுடுதண்ணீரில் முழுக வேண்டும். அன்று பகலில் மட்டும் நித்திரை கொள்ளக்கூடாது. கொண்டால் எண்ணெய் குணம் காட்டாதாம். முழுக்கு, மிளகு ரசம், விறாந்தையில் சாய்மனைக் கதிரை. இதற்குப் பிறகு எவருக்குத்தான் கண் சொருகாது? அவரை விழிக்க வைக்கும் உத்தியோகத்தை மாமி என் தலையில் கட்டினார்.

முதல் சனிக்கிழமை மழையைப் பற்றிக் கேட்டேன். “ஓம்” என்றார். வயல் வட்டையில் விளைச்சல் எப்படி என்றேன். அரைக்கண்ணோடு “ஓம்” என்றார். மறு கிழமை பேப்பரைச் சத்தமாக வாசித்தேன். தாலாட்டுக் கேட்ட பிள்ளை மாதிரி குறட்டையே விட்டார். எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது.

அதற்கடுத்த கிழமை, வேறு வழியில்லாமல், ஊர்ப் பெருமையை எடுத்துவிட்டேன்.

“எங்கட சித்தாண்டித் தயிரெண்டா, சட்டியக் கவுத்தாலும் விழாது மாமா.”

மாமாவின் கண் பளிச்சென்று திறந்தது.

“ஆர் சொன்னது? அப்ப இஞ்ச உள்ள தயிர் விழுமோ?”

“விழாம என்ன மாமா?”

கதிரையை விட்டு எழும்பினார். குசினிக்குள் போய் எருமைத் தயிர்ச் சட்டியோடு வந்தார். முழுகிய நாளில் தயிரைத் தொடக்கூடாது என்று மாமி கத்திக்கொண்டு பின்னால் ஓடி வந்தார். மாமா அதைத் தலைக்கு மேல் தூக்கிக் கவிழ்த்துக் காட்டினார். தயிர் நின்றது. உண்மையைச் சொல்ல வேண்டும், நன்றாகவே நின்றது. பிறகு மொத்தமாக அவர் தலையில் விழுந்தது.

வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த அடுத்த வீட்டுக்காரிக்கு வேறு என்ன வேண்டும்? மருமகன் மாமனாரின் தலையில் தயிர்ச் சட்டியைக் கவிழ்த்த கதை எந்த பஸ்ஸில் ஏறியதோ, நேரே சித்தாண்டியில் போய் இறங்கிவிட்டது.

அடுத்த சனிக்கிழமை காலையிலேயே என் அண்ணன் வந்து நின்றார். முகம் கறுத்திருந்தது. என்னை வாய் திறக்க விடவில்லை.

“மானம் போச்சுடா. பெட்டியக் கட்டு” என்றவர், உள்ளே பார்த்துக் கும்பிட்டார். “மாமா, பிழை எங்கடதான். டவுன்ல வீடு பாத்து வெச்சிருக்கான். புருசனும் பெண்சாதியும் அங்க போய் இருக்கட்டும்.”

நான் சொல்லப் பயந்திருந்ததை அவர் ஒரே மூச்சில் போட்டுடைத்துவிட்டார்.

மாமா எழும்பி வாசலுக்கு வந்தார். நெற்றியில் எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது.

“அவர் வரமாட்டார் தம்பி. நான் எண்ணெய் வெச்சிருக்கன். அவர் போனா நான் நித்திரையாப் போயிருவன்.”

அவர் வாயிலிருந்து என்னைப் பற்றி நான் கேட்ட முதல் பேச்சு அது.

கதவுக்குப் பின்னால் நின்ற மாமிக்குத்தான் பொறுக்கவில்லை. “வைத்தியர் போன கிழமையோட எண்ணெய நிப்பாட்டச் சொல்லிப்போட்டாரே!”

மாமா அவரைத் திரும்பிப் பார்த்தார்.

“ஓம்” என்றார்.