காலி வண்டி

திருப்பூரில் சண்டை போடுகிறவர்கள்கூட மரியாதையாகத்தான் போடுகிறார்கள். பர்மாவிலிருந்து வந்து ஏழு வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. இன்று காலை ரயில்வே கேட்டருகே ஒரு மாட்டுவண்டிக்காரரும் லாரிக்காரரும் உரசிக்கொண்டார்கள். "கண்ணு தெரியலீங்களா?" என்றார் ஒருவர். "உங்களுக்குத் தெரியுதுங்களா?" என்றார் மற்றவர். அதோடு முடிந்தது. ரங்கூன் துறைமுகத்தில் அரிசி மூட்டை லாரி ஓட்டியவன் நான். அங்கே வசவும் எச்சரிக்கையும் ஒரே தொண்டையிலிருந்துதான் வரும். "ஏ காலா!" என்று பர்மியன் ஒருவன் கத்தினால், நம்மை இந்தியனென்று ஏசுகிறானே என்ற கோபம் அப்புறம்தான் வரும், உடம்பு அதற்குள் ஒதுங்கியிருக்கும். என்னைப்போலக் கப்பலேறி வந்து ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கும் உங்களுக்கு இது புரியும். அங்கேயே தங்கிவிட்டவர்களுக்கும் புரியும்.

வந்த புதிதில் பேல் என்று இங்கே சொல்லும் பனியன் மூட்டைகளை ஏற்றும் லாரியில் வேலை கிடைத்தது. நல்லூர்ப் பழனிச்சாமி என் ஜோடி டிரைவர். வெள்ளைப் பனியனில் ஒரு சொட்டு எண்ணெய்க் கறை பட்டாலும் சரக்கு திரும்பி வந்துவிடும். அதனால் பேல்களை இறக்கியதும் எங்களில் ஒருவர் உள்ளே ஏறி, பனியன் வேஸ்ட் துணியால் மூலை முடுக்கெல்லாம் துடைத்துவிட்டுத்தான் மறுவேலை. பழனிச்சாமி துடைத்தால் மரப்பலகை பளபளக்கும். "பர்மாக்காரரே, இதுல சோத்தப் போட்டுத் திங்கலாமுங்க" என்பார். அப்புறம் அந்தக் காலி லாரிக்குள்ளேயே இருவரும் கால் நீட்டிப் படுத்துக்கொள்வோம். இந்த மண்ணில் நான் பயமில்லாமல் கண்ணயர்ந்த முதல் இடம் அதுதான்.

இரண்டு வருடம் கழித்து எங்கள் முதலாளி எண்ணெய் ஏற்றும் டேங்கர் ஒன்று வாங்கினார். சம்பளம் கூட என்பதால் இருவரும் அதற்கு மாறினோம். பேல் லாரியில் பிரேக் போட்டால் வண்டி நிற்கும், சரக்கும் நிற்கும். டேங்கரில், அதுவும் அரை லோடில், வண்டி நின்ற பிறகும் எண்ணெய் நிற்காது. முன்னால் வந்து ஒரு மோது மோதும். முதல் நாள் பின்னாலிருந்து யாரோ தள்ளுகிறார்கள் என்றே நினைத்தேன். எங்கள் முழியைப் பார்த்த எண்ணெய் டிப்போ காவல்காரர், "லோடு வண்டிக்குப் பயப்படாதீங்க சாமி. காலி வண்டிக்குத்தானுங்க பயப்படோணும்" என்றார். ஏதோ பேய் பிசாசுக் கதை என்று எண்ணிச் சிரித்துவிட்டேன். பீடி தரட்டுமா என்று கேட்கிற குரலில் சாவைப் பற்றிச் சொன்னால் எனக்கு எப்படி உறைக்கும்? ஏனென்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

பிறகு ஒரு நாள் பெட்ரோல் இறக்கிவிட்டு பல்லடம் சாலை ஷெட்டுக்கு வந்தோம். நல்ல வெயில். மறுநாள் மண்ணெண்ணெய் லோடு. "அடியில சொட்டு நின்னாலும் கலப்படமாயிருமுங்க. எறங்கித் தொடச்சிரட்டுங்களா?" என்று கையில் வேஸ்ட் துணியோடு பழனிச்சாமி கேட்டார். நான் டயரில் சாய்ந்தபடி, இந்த ஊர் மரியாதையிலேயே, "இறங்குங்க, காலிதானே" என்றேன். அவர் மேலே ஏறி மூடியைத் திறந்து உள்ளே இறங்கினார். துடைக்கிற சத்தம் கேட்டது. பிறகு தகரத்தில் ஏதோ விழுந்த சத்தம். கூப்பிட்டேன், பதிலில்லை. நானும் ஏறி உள்ளே காலை விட்டபோது ஷெட் மெக்கானிக் ஓடிவந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தார். உள்ளே காற்றே இல்லை, பெட்ரோல் ஆவிதான் என்று அவர்தான் சொன்னார். கயிற்றில் சுருக்குப் போட்டுத் தூக்கினோம். துணி பழனிச்சாமி கையிலேயே இருந்தது.

அவர் மனைவி சரசுவிடம் பொய் சொன்னேன். நான் சாப்பாடு வாங்கப் போயிருந்தேன், திரும்புவதற்குள் அவராகவே இறங்கிவிட்டார் என்றேன். அந்தப் பொய் என்னோடு டேங்கரிலேயே சவாரி செய்தது. ஒவ்வொரு பிரேக்குக்கும் முதுகில் ஒரு தள்ளு. எண்ணெய்தான் என்று தெரியும். தெரிந்து என்ன?

போன மாதம் சரசு தேடி வந்தார். "எங்கண்ணன் ஆறுமுகம் பேல் லாரிதானுங்ணா ஓட்டறாரு. அவரு ஊட்டுலதான் நானும் புள்ளைங்களும் இருக்கறமுங்க. டேங்கர்ல சேத்தி உடுங்க" என்றார். அவரே தொடர்ந்தார்: "எங்கூட்டுக்காரருதான் அவசரப்பட்டு எறங்கிட்டாரு. எங்கண்ணன் நிதானமானவருங்க."

செத்தவர் தலையில் என் பழி ஏறியிருப்பதை அப்போதுதான் பார்த்தேன். "அவர் அவசரப்படலைம்மா. என்னைக் கேட்டார். நான்தான் இறங்கச் சொன்னேன்" என்றேன்.

சரசு அழவில்லை. "இத எங்கிட்டச் சொல்லி ஆவறதொண்ணுமில்லீங்க. எங்கண்ணன்கிட்டச் சொல்லுங்க" என்று எழுந்து போனார். 'அண்ணா' என்று கூப்பிடவில்லை. இனியும் கூப்பிட மாட்டார்.

ஆறுமுகத்தை டேங்கரின் முன்னால் நிறுத்தி நடந்தது முழுவதையும் சொன்னேன். கடைசியில் ரங்கூன் குரல் எனக்குள்ளிருந்து கிளம்பியது. "காலியென்று நம்பி உள்ளே கால் வைக்காதே! செத்துப்போவாய்!" என்று துறைமுகத்தில் கத்துவதுபோலக் கத்தினேன். ஷெட்டே திரும்பிப் பார்த்தது. ஆறுமுகத்தின் முகம் சிவந்துவிட்டது. "கேக்குதுங்க. மெல்லச் சொன்னாலும் கேக்குமுங்க" என்றார். காவல்காரர் மெல்லச் சொன்னது எனக்குக் கேட்கவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் அவரையும் ஏற்றிக்கொண்டு அரை லோடோடு ஊத்துக்குளிப் பக்கம் போனேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. பிரேக் போட்டேன். வண்டி நின்றது. உள்ளே எண்ணெய் முன்னால் மோதி, பின்னால் போய், மறுபடி முன்னால் வந்தது. ஆறுமுகம் திடுக்கிட்டுத் திரும்பி, "பின்னால யாருங்க?" என்றார்.

நானும் திரும்பிப் பார்த்தேன்.